வரப்பில் விளையும் உரம்: கிளைரிசிடியா மரம்

நெல் வயலுக்குத் தழை உரம் இன்றியமையாதது என்பதைக் குடியானவர் யாவரும் அறிவர். தழைக்கு எங்கே போவது என்பதே அவர்தம் கவலை. எருவாக வேண்டிய சாணத்தில் ஒரு பகுதி வறட்டியாகி அடுப்பிற்குப் போய்விடுகிறது. புறம்போக்கு மரங்களோ ஆண்டுதோறும் மொட்டையடிக்கப்பட்டு நலிகின்றன. கடையில் விற்கும் உரத்திற்குக் கைப்பணம் வேண்டும். இம்முட்டுப்பாடுகளுக்கு ஓரளவு பரிகாரமாக அமைவது கிளைரிசிடியா என்னும் மரம்.

மெக்சிகோவும் மத்திய அமெரிக்காவும் இதன் தாயகமாகும். அங்கே கொக்கோத் தோட்டங்களில் நிழலுக்காக வளர்க்கப்பட்டமையால் இதற்குக் கொக்கோவின் தாய் என்னும் பெயர் உண்டாயிற்று. இலங்கைத் தமிழர் இதனைச் சீமைக்கிளுவை என்பர். அவரை, துவரை இவற்றின் இனத்தைச் சேர்ந்ததாதலின், இதன் வேர்முடிச்சுகளில் வாழும் நுண்ணுயிர்கள் காற்றிலுள்ள தழைச்சத்தைக் கிரகித்து மரத்திற்கு அளிக்கின்றன. உலர்ந்த இலையின் 100 பங்கில் ஏறத்தாழ 3 பங்கு தழைச்சத்து உண்டு. பச்சை இலையில் முக்கால் பங்கு நீராதலால், 100 கிலோ பச்சை இலையிலிருந்து சுமார் முக்கால் கிலோ தழைச்சத்து நிலத்திற்குச் சேரும்.

இதனைப் பயிராக்குவது மிகவும் சுலபம். முற்றிய கிளைகளை 3 அடி நீளமுள்ள போத்துகளாக வெட்டி, அடிப்புறத்தைச் சாய்வாகச் சீவி, மழை தொடங்கும் தறுவாயில் முக்கால் அடி ஆழத்தில் ஊன்றவேண்டும். போத்துக்குப் போத்து 3 முதல் 6 அடி இடைவெளி போதும். விதையிலிருந்து வளர்ந்த கன்றுக்கு ஆணிவேர் உண்டாதலால், வறட்சியையும் காற்றையும் அது அதிகமாகத் தாங்கும். நீர் தேங்கும் பள்ளம் இம்மரத்திற்கு ஆகாது. ஆகவே வரப்பின் மேலும் வேலியோரத்திலும் நடுவதே உசிதம்.

முதலாண்டு மரத்தைத் தொடாது விட்டு, அதன் பின்னர் இடுப்பளவு உயரத்தில் ஆண்டிற்கு இரண்டு மூன்று முறை கழிக்கலாம். வெட்ட வெட்டத் துளிர்க்கும். பயிருக்கு நிழல் தட்டாது. இலை மெல்லியதாதலின் விரைவில் மட்கும். நடவுக்குச் சுமார் 15 நாள் முன்னதாக வயலிலிட்டு மிதித்து உழுதல் நலம். எஞ்சிய கழிகள் நல்ல விறகாகும். அவ்விறகு அடுப்பிற்குச் சேர்ந்தால் அவ்வளவு சாணம் எருக்குழிக்கு மிஞ்சும். இதுவே இம்மரத்தின் பெரும் அனுகூலமாகும்.

ஆடுமாடுகள் இதன் வாடையை முதலில் வெறுக்கும். ஒரு நாள் வாடவிட்டு, மற்றத் தீவனத்துடன் சிறிது சிறிதாகக் கலந்து கொடுத்தால் பழகிவிடும். ஆனால் தழையையே முழுத் தீவனமாக்கலாகாது. குதிரைக்கு இது நஞ்சு. அதன் கண்ணிலும் காட்டலாகாது. கிளைரிசிடியா என்னும் சொல்லுக்கே எலிக்கொல்லி என்பது பொருள். இதன் தாயகத்தில் பட்டையையும் இலையையும் தானியத்துடன் கலந்து எலிகளுக்கு வைப்பது வழக்கம்.

ஓராண்டில் ஒரு வரப்பு முழு வயலுக்கும் உரமளித்துவிடாது. எனினும், இவ்வாண்டு சில போத்துகளை ஊன்றும் குடியானவர், பின்வரும் பருவங்களில் தம் தழையைத் தம் நிலத்திலேயே வெட்டிக்கொள்ளலாம். போத்துகளுக்கும் அயல் கிராமம் போகவேண்டுவதில்லை. ஊரில் ஒருவர் வேலியில் இம்மரம் தழைத்திருந்தால், அதன் கிளைகளே ஏனையோர் வயல்களுக்கு வித்தாகும்.