உப்பு சொல்லும் உலக வரலாறு

வரலாறு என்றதும் அரசர்களின் பெயர்களும் ஆண்டுகளும் நிறைந்த நீண்ட பட்டியல்தான் உங்கள் நினைவுக்கு வருகிறதா? அதைக் கற்க வேறொரு வழியும் உண்டு. ஒரே கேள்வியைப் பல நாடுகளிடம் கேட்டுப் பாருங்கள். உங்கள் வீட்டு உப்பையே எடுத்துக்கொள்வோம். அரசுகள் ஏன் உப்புக்கு வரி விதித்தன?

முதலில் அறிவியலைப் பார்ப்போம். உப்பு என்பது சோடியம் குளோரைடு. நரம்புகளில் செய்தி செல்லவும், தசைகள் இயங்கவும் சோடியம் தேவை. வியர்வையில் அது வெளியேறிவிடுகிறது. ஆகவே, விலை ஏறினாலும் உப்பை விட்டுவிட முடியாது. மேலும், கடற்கரை, உப்புக் கிணறு, சுரங்கம் போன்ற சில இடங்களில்தான் உப்பு கிடைக்கிறது. அங்கே காவல் போட்டால் வரி வசூல் எளிது.

செல்வருக்கும் கூலியாளுக்கும் தேவைப்படும் உப்பு ஏறக்குறைய ஒரே அளவுதான். வெயிலில் உழைப்பவருக்குச் சற்றுக் கூடுதலாகவே தேவைப்படும். ஆனால் இருவரின் வருவாயும் ஒன்றா? உப்பு வரியின் சுமை ஏழையின் தலையில்தான் விழுந்தது.

சீனாவில் போர்ச் செலவால் கருவூலம் வற்றியபோது, ஹான் பேரரசர் வூ கி.மு. 119 அளவில் உப்பை அரசின் தனியுரிமை ஆக்கினார். பின்னாளில் தாங் பேரரசும் இவ்வழியையே பின்பற்றியது. அப்போது கள்ள உப்பு வணிகம் பெருகியது. அவ்வணிகரில் ஒருவரான ஹுவாங் சாவ் கி.பி. 875இல் கிளர்ச்சியில் இறங்கித் தலைநகரையே கைப்பற்றினார். கிளர்ச்சி அடக்கப்பட்டாலும் பேரரசு மீளவில்லை, 907இல் வீழ்ந்தது.

பிரான்சில் இவ்வரிக்குக் 'கபெல்' என்று பெயர். வரி மிகுந்த பகுதிகளில் எட்டு வயதைக் கடந்த ஒவ்வொருவருக்கும் குறிப்பிட்ட அளவு உப்பு வாங்குவது கட்டாயம்! 1789இல் புரட்சி வெடித்தது. 1790இல் கபெல் ஒழிந்தது. ஆனால் 1806இல் நெப்போலியன் அதை மீண்டும் கொண்டுவந்தார்.

இந்தியாவில் 1930 மார்ச் 12 அன்று சபர்மதியிலிருந்து நடந்து புறப்பட்ட காந்தியடிகள், ஏப்ரல் 6 அன்று தண்டிக் கடற்கரையில் உப்பெடுத்தார். அதே மாதம் இராஜாஜி தலைமையில் தொண்டர்கள் திருச்சியிலிருந்து வேதாரண்யத்துக்கு நடந்தனர். இங்கே வாள் எடுக்கப்படவில்லை. சட்டம் மட்டுமே மீறப்பட்டது. 1947இல் உப்பு வரி நீங்கியது.

மூன்று நாடுகளிலும் வரி ஒன்றே; விளைவோ வெவ்வேறு. உப்பு மட்டுமே இவற்றுக்குக் காரணம் என்று எண்ணிவிடாதீர்கள். சீனாவில் பஞ்சமும், பிரான்சில் ரொட்டி விலையும், இந்தியாவில் அந்நிய ஆட்சியும் உடன் இருந்தன. எது ஒத்திருக்கிறது, எது வேறுபடுகிறது, ஏன்? இம்மூன்றையும் கேட்டால் ஆண்டுகள் தாமே மனத்தில் பதியும்.

அடுத்து, தண்ணீரை எடுத்துக்கொண்டு நீங்களே கேட்டுப் பாருங்களேன்!