தாராவுக்கு மட்டும் தெரியாமல் இருந்தால் போதும்: தோணியில் ஒரு மறைவுக் கூடு

மட்டக்களப்பு வாவியில் ஒளிந்திருப்பது எப்படி என்று ஒரு கட்டுரை எழுதுவதை இருபது வருடங்களுக்கு முன் யாரும் நினைத்துப் பார்த்திருக்கமாட்டார்கள். அப்போது வாவியில் ஒளிந்திருப்பவர் ஏதோ ஒரு தரப்பின் துப்பாக்கிக்கு இலக்கு. வவுணதீவுச் சோதனைச்சாவடியில் அடையாள அட்டையை நீட்டிக்கொண்டு நின்றவர்களுக்கும், மண்முனைத் துறையில் பாதை வருமட்டும் வெயிலில் காத்திருந்தவர்களுக்கும் இதை விளக்கத் தேவையில்லை. எழுவான்கரைக்கும் படுவான்கரைக்கும் நடுவில் கிடந்த தண்ணீர், 2007 வரைக்கும் ஓர் எல்லைக்கோடாகவே இருந்தது.

இப்போது நான் சொல்லவருவது தாராக்களுக்கு மறைந்திருப்பது பற்றி. சாதாரணமான ஒரு மீன்பிடித் தோணியில், அதிகம் காசு செலவழிக்காமல், பறவை பார்க்கவும் படம் எடுக்கவும் ஒரு கூடு கட்டும் முறை இது.

தாரா சுடுவதற்காகவே உலகத்தில் இந்தக் கூடுகள் முதலில் வந்தன. அமெரிக்காவின் நியூ ஜேர்சிக் கரையில் 1836ஆம் ஆண்டளவில் ஒரு படகு கட்டுநர் தட்டையான, புல்லால் மூடிவிடக்கூடிய சிறு வேட்டைப் படகொன்றைச் செய்தார். அதன் வழிவந்த படகுகள் இன்றும் அங்கே ஓடுகின்றன. எங்கள் நாட்டில் அந்தப் பாவனைக்கு இடமில்லை. 1937ஆம் ஆண்டின் 2ஆம் இலக்க வனசீவராசிகள், தாவரங்கள் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தின்படி, அட்டவணையில் பெயர் சொல்லி விலக்கப்பட்ட ஒரு சில பறவைகளைத் தவிர எல்லாப் பறவைகளும் பாதுகாக்கப்பட்டவை. எங்கள் வாவிக்கு வரும் தாராக்களைச் சுடுவதும், கண்ணி வைப்பதும், முட்டை எடுப்பதும் குற்றம். வாவிக்கரையில் காட்டுத்தாரா இறைச்சி உண்ட காலத்தைப் பேசும் பெரியவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அவர்களைக் குறைசொல்ல எனக்கு மனமில்லை. பசியும் தடைகளும் ஒன்றாக வந்த காலம் அது.

முதலில் தாராவின் கண்ணைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டும். எங்கள் கண்கள் முகத்தின் முன்னால் இருக்கின்றன. தாராவின் கண்கள் தலையின் இரு பக்கத்திலும் இருப்பதால், தலையைத் திருப்பாமலே ஏறத்தாழ முழு வட்டத்தையும், தலைக்கு மேலேயும் பார்த்துவிடும். நிறம் பார்ப்பதிலும் எங்களைவிடக் கெட்டி. ஆகவே முன்னால் மட்டும் ஒரு தட்டி கட்டினால் பயனில்லை, கூரையும் வேண்டும். அதேநேரம், அசையாமல் கிடக்கும் ஒரு பொருளை அது சீக்கிரம் பழகிக்கொள்ளும். அதைக் கலைப்பது அசைவும், வெயிலில் மின்னும் முகமும் கையும், மனித உருவத்தின் வெளிக்கோடும்தான். அந்த வெளிக்கோட்டை உடைத்துவிட்டால் போதும், கூடு மரம்போலவோ பற்றைபோலவோ தெரியவேண்டும் என்றில்லை.

அளவுகளை மூன்றடி அகலத் தோணிக்குச் சொல்கிறேன். ஆறடி நீளக் கமுகஞ்சிலாகை நான்கு வேண்டும். அவற்றை ஓர் இரவு தண்ணீரில் ஊறவிட்டால் முறியாமல் வளையும். ஒவ்வொன்றையும் வில்லாக வளைத்துத் தோணியின் குறுக்கே நிறுத்தினால், விளிம்பிலிருந்து ஏறக்குறைய இரண்டடி உயரம் வரும். தோணியின் அடியில் சப்பாணி கட்டி உட்காருபவருக்கு அது அளவானது. முன்பக்கத்தில் ஐந்தடி நீளத்துக்குள் நான்கு வில்லையும் வரிசையாக வையுங்கள். பின்பக்கம் கோல் ஊன்றுபவருக்குத் திறந்தே இருக்கட்டும்.

வில்லுகளைத் தோணியில் ஆணியடித்துப் பொருத்த வேண்டாம். பைபர் தோணியில் துளை போட்டால் பிறகு வருத்தப்பட வேண்டிவரும். அதற்குப் பதிலாக ஒரு சாண் நீளமான பிவிசி குழாய்த் துண்டுகள் எட்டை விளிம்பின் உட்பக்கத்தில் கயிற்றால் இறுகக் கட்டி, வில்லின் நுனிகளை அவற்றுக்குள் செருகிவிடலாம். காற்று எழும்பினால் ஒரு நிமிடத்தில் கூட்டைக் கழற்றிப் படுக்கப்போடவும் முடியும். இந்த வேலையில் மிக முக்கியமான இடம் இதுதான் என்பேன். மேலே மூடிய கூடு காற்றுக்குப் பாய்போல. கச்சான் காற்று சற்றுப் பலமாக அடித்தாலே ஒடுங்கிய தோணி சரிந்துவிடும். உயிர்காப்பு அங்கி இல்லாமல் ஏறவேண்டாம். வாவியில் முதலைகளும் உண்டு என்பதை ஊரவர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

மூடுவதற்குச் சணல் சாக்குகளைப் பிரித்து ஒன்றாகத் தையுங்கள். உரப்பை வேண்டாம், அது மின்னும், காற்றில் சரசரக்கும். தைத்த சாக்கை வாவிச் சேற்றில் தோய்த்துக் காயவைத்தால் கரையின் நிறம் தானாக வந்துவிடும். அதன்மேல் பழைய கிடுகு ஒரு படை, இடையிடையே காய்ந்த பன். அடர்த்தியாக வேய வேண்டாம். அங்குமிங்கும் ஒளி புகும்படி விட்டால்தான் வெளிக்கோடு உடையும். உட்கார்ந்திருப்பவரின் கண்மட்டத்தில் முன்னாலும் இருபக்கத்திலும் ஒரு சாண் அகலத்தில் பிளவு விடுங்கள். கமராவைத் தாங்க மூன்றுகாலி எதற்கு? பழைய துணிப்பையில் உமி நிரப்பி விளிம்பில் வைத்தால் கமரா ஆடாது.

மூன்று பொருட்களை நான் கட்டாயம் தவிர்ப்பேன். ஒன்று, கண்டல் கிளைகள். பாதுகாப்பு என்ற பெயரில் போர்க்காலத்தில் வெட்டி வெளியாக்கப்பட்ட கண்டல் இப்போதுதான் சில கரைகளில் திரும்ப வளர்ந்து நிற்கிறது. அதைப் படத்துக்காக முறிப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. இரண்டு, தங்கூசி வலை. அது சட்டப்படி தடைசெய்யப்பட்டது, மின்னும், தண்ணீரைத் தொடும்படி தொங்கினால் நீர்க்காகம் சிக்கிச் சாகும். மூன்றாவது, இணையத்தில் விற்கிறார்களே, சீருடை நிறத்தில் பச்சையும் மண்ணிறமுமாகப் புள்ளியிட்ட துணி. வெளிநாட்டுக் காணொளிகளில் எல்லோரும் அதைத்தான் போர்த்துகிறார்கள். இங்கே அதை வைத்திருப்பதே விசாரணையில் கொண்டுபோய் விடலாம். அதைவிட, அந்தத் துணியைப் பார்த்தவுடன் நெஞ்சு அடைக்கும் ஆட்கள் இந்தக் கரையில் வாழ்கிறார்கள். 1987 ஜனவரியில் கொக்கட்டிச்சோலை இறால் பண்ணையில் நடந்ததை மறக்காத குடும்பங்கள் அவை.

சேத்துக்குடாப் பக்கம் ஒரு மூத்த மீனவரிடம் இந்த யோசனையைச் சொன்னபோது அவர் கேட்ட முதல் கேள்வி பறவையைப் பற்றியதல்ல. “இந்தக் கூட்டுக்குள்ள ஆரு இருக்கா எண்டு எங்களுக்குத் தெரியோணும் மனே. விடியக்குள்ள வலை எடுக்கப் போறவன் இதக் கண்டா என்ன நினைப்பான்?” என்றார். ஊடகக் கற்கையில் ஒளிந்திருந்து படம் எடுப்பதன் அறம் பற்றி ஒரு பருவம் முழுக்கப் படித்திருக்கிறேன். அந்தப் பாடம் இவ்வளவு சுருக்கமாக அங்கே வரவில்லை.

ஆகவே கூடு தாராவுக்குத்தான் மறைய வேண்டும், மனிதருக்கு மறையக்கூடாது. தோணியின் பின்னால் ஆளுயரக் கம்பொன்றை நட்டு, அதன் தலையில் சிவப்புச் சாயம் பூசிய பிளாஸ்டிக் கான் ஒன்றைக் கவிழ்த்துவிடுங்கள். துணிக்கொடி படபடத்துப் பறவையைக் கலைக்கும், கான் அசையாது. முதல்நாளே அந்தப் பக்கத்து மீனவர் சங்கத்துக்கும் கிராம சேவையாளருக்கும் எங்கே, எத்தனை மணிக்கு என்று சொல்லிவிட வேண்டும். வலை போட்ட இடத்தில் தோணியைக் கட்டக்கூடாது. இரவில் கூட்டோடு போகவே வேண்டாம்.

காலம் என்றால், மாரி மழை ஓய்ந்த தை, மாசி. வடக்கே இருந்து வரும் ஊசிவால் வாத்தும் நீலச்சிறகியும் அப்போது இலங்கையில் இருக்கும். சித்திரை வாக்கில் அவை திரும்பிவிடும். சீழ்க்கைத்தாரா எங்கள் ஊர்க்காரன், வருடம் முழுக்க உண்டு. காலையில் எழுவான்கரையை ஒட்டித் தோணியைக் கட்டினால் சூரியன் முதுகுப்பக்கம் இருக்கும், படுவான்கரையை நோக்கிப் படம் தெளிவாக வரும். மாலையில் அதற்கு மறுபக்கம். தாரா வருமுன் போய்க் காத்திருப்பதே முறை. கூட்டத்தை நோக்கித் தோணியைச் செலுத்தினால் எந்தக் கூடும் உதவாது. கூடு கட்டும் பறவைகளை நெருங்குவதும் வேண்டாம், தாய் எழுந்தால் வெயிலில் முட்டை கெட்டுவிடும்.

இதில் பிழைப்பும் இருக்கிறது. ஒடிசாவில் சிலிக்கா வாவிக்கரையில் மங்களாஜோடி என்றொரு கிராமம். அங்கே பறவைகளைப் பிடித்து விற்றவர்கள் 2000ஆம் ஆண்டில் பாதுகாப்புச் சங்கம் ஒன்றை அமைத்தார்கள். இன்று அதே ஆட்கள் அதே தோணிகளில் கோல் ஊன்றிப் பயணிகளுக்குப் பறவை காட்டுகிறார்கள். புளியந்தீவைச் சுற்றியுள்ள தோணிக்காரருக்கும் அது முடியாத காரியமல்ல. ஆனால் இயந்திரப் படகும் முதலும் வைத்திருப்பவர் முந்திக்கொண்டால், கோல் ஊன்றுபவருக்கு மிஞ்சுவது அலை மட்டும்தான். பறவையும் நிற்காது. சங்கங்கள் இப்போதே தங்களுக்குள் பேசி முறை வகுத்துக்கொண்டால் நல்லது.

ஒவ்வொரு ஜனவரியிலும் ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு நடக்கிறது. இலங்கையில் அதை ஒருங்கிணைப்பது இலங்கைப் பறவைக் கழகம். கூட்டுக்குள் இருப்பவர் படத்தோடு எண்ணிக்கையையும், திகதி, நேரம், இடத்தோடு ஒரு கொப்பியில் குறித்துவைத்தால் அது அங்கே பயன்படும். கிடுகு ஒரு பருவம்தான் தாங்கும், அடுத்த வருடம் மாற்ற வேண்டும். கமுகஞ்சிலாகையை மழை படாமல் நிழலில் வைத்தால் பல பருவத்துக்கு வரும். கூட்டை மட்டும் வாவியில் விட்டுவிட்டு வரவேண்டாம். ஆளில்லாத கூட்டை யார் எதற்குப் பாவிப்பார்கள் என்று சொல்லமுடியாது.