பந்தயக் காரும் ஆடிக் காற்றும்

ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள். எங்கள் ஊராகிய கீழக்குயில்குடியில் அம்மி பறந்து நான் பார்த்ததில்லை. ஆனால் ஆடி மாதத்து மாலையில் பள்ளி விட்டு, சமணமலையைப் பார்த்து மேற்கே சைக்கிள் மிதித்து வருகிறவளுக்கு அந்தப் பழமொழியில் ஐயமே எழாது. காலையில் முதுகில் கை வைத்துத் தள்ளி விட்ட அதே காற்று, மாலையில் நெஞ்சில் கை வைத்துத் தடுத்து நிறுத்தும். அப்போது நாம் என்ன செய்கிறோம்? தலையைக் குனிந்து கொள்கிறோம். படபடக்கும் துப்பட்டாவை இழுத்துச் செருகிக் கொள்கிறோம். இவ்வளவும் தெரிந்த நாம், 'காற்றியக்கவியல்' என்ற பெரிய பெயரைக் கேட்டு அஞ்ச வேண்டியதில்லை, தோழியரே!

என் பெரியப்பா மகன் மதுரையில் பொறியியல் படிக்கிறார். கோவையை அடுத்த செட்டிபாளையத்திலுள்ள 'கரி மோட்டார் ஸ்பீட்வே' என்னும் ஓடுதளத்தில், மாணவர்கள் தாமே கட்டிய சிறு பந்தயக் கார்களுக்கென்று 'பார்முலா பாரத்' என்ற போட்டி நடைபெறுகிறது. அதற்காக அண்ணனும் நண்பர்களும் ஒரு கார் கட்டினார்கள். சட்டமும் எஞ்சினும் கல்லூரிப் பட்டறையில். காரின் மேலுடல் மட்டும் எங்கள் வீட்டு மாட்டுக் கொட்டகையில்! (மாடுகள் வேப்ப மரத்தடிக்குப் போயின.) அங்கே எடுபிடி வேலை செய்து கற்றுக் கொண்டதையே இங்கு எழுதுகிறேன்.

முதலில் காற்றின் எடையைப் பார்ப்போம். ஒரு கன மீட்டர் காற்று ஏறத்தாழ 1.2 கிலோ. 4 மீட்டர் நீளமும் 4 மீட்டர் அகலமும் 3 மீட்டர் உயரமும் உள்ள ஓர் அறையில் இருக்கும் காற்று 57 கிலோவுக்கு மேல், அதாவது ஓர் ஆளின் எடை! கார் ஓடும்போது இந்த எடையைத்தான் ஓயாமல் விலக்கிக் கொண்டு போக வேண்டும். மணிக்கு 50 கிலோ மீட்டர் வேகத்தில், காற்றுக்கு நேராகப் பிடித்த ஒரு சதுர மீட்டர் பரப்பில் சுமார் 12 கிலோ அழுத்தம் விழுகிறது. வேகம் 100 ஆனால் அது 24 அன்று, 47 கிலோ. 150 ஆனால் 106 கிலோ. வேகம் இரு மடங்கானால் அழுத்தம் நான்கு மடங்கு. மும்மடங்கானால் ஒன்பது மடங்கு. கணக்கு வகுப்பில் நாம் சலித்துக் கொள்ளும் 'வர்க்கம்' இங்கே உயிரோடு வந்து நிற்கிறது.

எஞ்சினின் பாடு இன்னும் மோசம். ஒரு சிறு கார் மணிக்கு 70 கிலோ மீட்டரில் போகும்போது காற்றை விலக்க மட்டும் சுமார் 4½ குதிரைத்திறன் போதும். 140-ல் போக வேண்டுமானால் எட்டு மடங்கு, அதாவது 36 குதிரைத்திறன் வேண்டும். 1983-ல் வெளிவந்த மாருதி 800 காரின் எஞ்சின் மொத்தமே ஏறக்குறைய 37 குதிரைத்திறன்தான். டயர் உருள்வதற்கும் பல்சக்கரம் சுழல்வதற்கும் எங்கே போவது? ஆகவே, பெரிய எஞ்சின் வாங்கப் பணமில்லாதவன் காரின் உருவத்தைத் திருத்துகிறான். இது ஏழையின் குதிரைத்திறன்.

நம் தமிழ்நாட்டில் இந்த வழியில் சென்றவர்கள் பலர். சென்னைக்கு வடக்கே சோழவரத்தில், இரண்டாம் உலகப் போர்க் காலத்து விமான ஓடுதளம் ஒன்று உண்டு. 1953-ல் தொடங்கப்பெற்ற மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் அங்கே பல்லாண்டுகள் பந்தயம் நடத்தியது. 1990-ல் இருங்காட்டுக்கோட்டையில் தனி ஓடுதளம் திறக்கப்பட்டது. வெளிநாட்டுப் பந்தயக் கார் வாங்குவது பெரும்பாலோருக்குக் கனவாக இருந்த காலம் அது. பியட், அம்பாசடர், சென்னையிலேயே தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டு ஆகிய வீட்டுக் கார்களைத்தான் கழற்றி, எடை குறைத்து, திருத்திக் கொண்டு வந்து ஓட்டினார்கள்.

கோயம்புத்தூரைச் சேர்ந்த எஸ். கரிவரதன் சோழவரத்தில் கார் ஓட்டியவர்; கார் கட்டவும் வல்லவர். அவர் 1980களின் இறுதியில் மாருதி 800 எஞ்சினை வைத்து, ஒருவர் மட்டும் அமரக்கூடிய பந்தயக் காரை உள்ளூரிலேயே உருவாக்கினார். 'பார்முலா மாருதி' என்று பெயர். இரும்புக் குழாய்ச் சட்டம். அதன் மேல் கண்ணாடி நார்த் தோல். நடுத்தரக் குடும்பத்துப் பிள்ளைகளும் நெருங்கக்கூடிய பந்தயக் கார் அதுவே. 2005-ல் பார்முலா ஒன் பந்தயத்தில் ஓட்டிய முதல் இந்தியரான நரேன் கார்த்திகேயனும் பார்முலா மாருதியில் ஓட்டிப் பழகியவர்தான். கரிவரதன் 1995-ல் சிறு விமான விபத்தொன்றில் மறைந்தார். செட்டிபாளையத்து ஓடுதளம் அவர் பெயரையே தாங்கி நிற்கிறது.

இனி எங்கள் கொட்டகைக்கு வருவோம். கண்ணாடி நார் உடலை எப்படிச் செய்கிறார்கள்? முதலில் அட்டையை வெட்டி, காரின் குறுக்குத் தோற்றங்களை வரிசையாக நிறுத்துகிறார்கள். இடைவெளியைத் தெர்மாகோலால் நிரப்பி, கத்தியால் செதுக்கி, உப்புத்தாளால் தேய்க்கிறார்கள். அதன் மேல் கண்ணாடி நார்ப் பாயை விரித்து ரெசின் பூச வேண்டும். இங்கேதான் முதல் நாளே பாடம் கிடைத்தது. ரெசினைப் பூசியதும், மூன்று நாள் உழைத்துச் செதுக்கிய மூக்குப் பகுதி வெந்நீரில் போட்ட வெல்லம் போல இளகிக் குழிந்து போயிற்று! பாலியெஸ்டர் ரெசின் தெர்மாகோலைக் கரைத்து விடும் என்று யாருக்கும் தோன்றவில்லை. மறுமுறை தெர்மாகோல் மேல் பிளாஸ்டர் ஆப் பாரிஸ் பூசிக் காயவைத்து, பட்டி பார்த்து வழவழப்பாக்கி, மெழுகு தடவி, அதற்குப் பின்னரே ரெசினைத் தொட்டார்கள். நம் மதுரை வெயிலில் ரெசின் மிக விரைவில் இறுகி விடுவதால் வேலையெல்லாம் விடியற்காலையில்தான். கையுறையும் முகமூடியும் கட்டாயம். அந்த நார்த் தூசி தோலில் பட்டால் நாள் முழுவதும் அரிப்பு. மூச்சில் போனால் அதைவிடக் கேடு.

உருவம் எப்படி இருக்க வேண்டும்? முன்புறம் ஊசி போல் கூராக இருந்தால் போதும் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். எங்கள் ஊர்த் தாமரைக் குளத்தில் உள்ள மீனைப் பாருங்கள். அதன் தலை உருண்டை. வால் பக்கம்தான் மெல்ல மெல்ல ஒடுங்குகிறது. காற்றைப் பிளப்பது பெரிய காரியமன்று. பிளந்த காற்றைப் பின்னால் சண்டையின்றி மீண்டும் சேர்த்து வைப்பதே பெரிய காரியம். பின்புறம் திடீரென்று முடிந்தால் அங்கே காற்று சுழலும், அழுத்தம் குறையும், அந்தக் குறைவு காரைப் பின்னோக்கி இழுக்கும். சரி, மீன் போல நீண்ட வால் வைக்கலாமா? கார் தெருவை அடைத்துக் கொள்ளும். 1930களில் ஜெர்மானியப் பேராசிரியர் வூனிபால்ட் காம் இதற்கு ஒரு வழி கண்டார். வாலைச் சிறிது தூரம் ஒடுக்கிக் கொண்டு போய், பிறகு செங்குத்தாக வெட்டி விடலாம். பெரும் பயன் அதற்குள் கிடைத்து விடுகிறது.

காற்று எங்கே உடலை விட்டுப் பிரிகிறது என்று கண்டுபிடிக்கப் பெரிய காற்றுச் சுரங்கம் தேவையில்லை. கம்பளி நூல் போதும்! என் பின்னல் பையிலிருந்த சிவப்பு நூலைச் சாண் அளவுக்கு நறுக்கி, வரிசை வரிசையாக டேப் வைத்து ஒட்டினோம். கல்லூரி மைதானத்தில் அண்ணன் காரை ஓட்ட, பக்கத்தில் மோட்டார் சைக்கிளில் ஒருவர் செல்போனில் படம் பிடித்தார். மூக்கின் மேல் நூலெல்லாம் வாரிவிட்ட தலைமுடி போலப் படிந்து கிடந்தது. ஓட்டுநர் தலைக்குப் பின்னால் மட்டும் பேய் பிடித்தது போல ஆடிற்று. சில நூல்கள் முன்னோக்கியே திரும்பின. அந்த இடத்தை இன்னும் ஒரு சாண் நீட்டினார்கள். (சிவப்பு நூல் என் தம்பியின் ஸ்வெட்டருக்கு வாங்கியது. அவன் இன்னும் கேட்டுக் கொண்டிருக்கிறான்.)

அடிப்பகுதியையும் மறக்கக் கூடாது. குழாயும் போல்ட்டும் துருத்திக் கொண்டிருக்கும் வயிற்றின் கீழே ஒரு சமதளத் தகடு அடித்தாலே நல்ல பயன். ஆனால் எல்லாவற்றையும் மூடுகிறேன் என்று ரேடியேட்டரின் வாயையும் மூடினால், எஞ்சின் இட்லிப் பானை போலக் கொதித்து விடும்.

இதுவரை சொன்னது காற்றிலிருந்து தப்பும் வழி. பந்தயக் காருக்கு மற்றொன்றும் வேண்டும்: காற்றையே வேலைக்காரனாக்கும் வழி. ஒரு முறத்தை எடுத்துக் கொண்டு ஆடிக் காற்றில் மொட்டை மாடியில் நில்லுங்கள். விளிம்பைக் காற்றுக்கு நேராகப் பிடித்தால் பாரமே இல்லை. காற்று வரும் பக்கத்து விளிம்பைச் சற்று உயர்த்துங்கள். முறம் மேலே தூக்கும். அந்த விளிம்பைத் தாழ்த்துங்கள். கை கீழே அமுங்கும். விமானத்தின் இறக்கை முதல் வகை. பந்தயக் காரின் இறக்கை தலைகீழான இரண்டாம் வகை. கார் வளைவில் திரும்பும்போது டயர் தரையை இறுகப் பற்ற வேண்டும். அதற்குப் பாரம் வேண்டும். இரும்பைக் கட்டிப் பாரம் ஏற்றினால் அந்த இரும்பையும் திருப்ப வேண்டியிருக்கும். காற்று தரும் பாரமோ எடையில்லாப் பாரம்!

1956-ல் மைக்கேல் மே என்ற சுவிட்சர்லாந்து இளைஞர் தம் போர்ஷே காரின் மேல் தலைகீழ் இறக்கை ஒன்றைப் பொருத்தி, ஜெர்மனியின் நூர்பர்க்ரிங் பந்தயத்துக்குக் கொண்டு வந்தார். தொழிற்சாலை செய்யாததைத் தனியொருவர் செய்தார். பந்தயக்காரர்கள் அனுமதிக்கவில்லை, கழற்ற வேண்டியதாயிற்று. பத்தாண்டு கழித்து, 1966-ல், அமெரிக்காவில் டெக்சாஸைச் சேர்ந்த ஜிம் ஹால் தமது சப்பரல் காரில் உயரமான கால்களின் மேல் இறக்கையை நிறுத்தினார். அதன் பாரம் நேரே பின் சக்கரங்களின் மேல் இறங்கியது. நேர்ச்சாலையில் இறக்கையைப் படுக்க வைக்க ஒரு மிதியும் வைத்திருந்தார். பிறகு எல்லாரும் இறக்கை கட்டத் தொடங்கினர். இறக்கை உயர உயர, அதைத் தாங்கும் கால்கள் மெலிந்தன. 1969 மே மாதம் பார்சிலோனாவின் மோன்ட்யூக் சாலையில் நடந்த ஸ்பானிய கிராண்ட் பிரிக்ஸில், கிரஹாம் ஹில் ஓட்டிய லோட்டஸ் காரின் இறக்கை முறிந்து கார் தடுப்பில் மோதியது. சில சுற்றுகளுக்குப் பின், அதே நிறுவனத்தின் மற்றொரு காரில் வந்த ஜோகன் ரின்ட்டின் இறக்கையும் முறிய, அவர் கார் ஹில்லின் உடைந்த காரிலேயே போய் மோதியது. ரின்ட் முகத்தில் எலும்பு முறிந்து பிழைத்தார். அடுத்த பந்தயமான மொனாக்கோவிலேயே உயர இறக்கைகளைத் தடை செய்தனர்.

இதற்கு நேர்மாறான எளிய கதையும் ஒன்றுண்டு. 1971-ல் அமெரிக்கரான டான் கர்னி, இறக்கையின் பின் விளிம்பில் ஒரு மெல்லிய அலுமினியப் பட்டியைச் செங்குத்தாக ரிவெட் அடித்தார். அவ்வளவுதான், கீழழுத்தம் வெகுவாகக் கூடி விட்டது. கேட்டவர்களிடம், விளிம்புக்கு உறுதி சேர்க்கத்தான் என்று மழுப்பினார்களாம்! இன்று உலகெங்கும் அந்தப் பட்டிக்குக் கர்னி பெயர்தான்.

அண்ணன் செய்த இறக்கை 1.2 மீட்டர் அகலமும் 40 சென்டி மீட்டர் ஆழமும் உடையது. தெர்மாகோல் உள்ளே, கண்ணாடி நார் வெளியே, விளிம்பில் கர்னி பட்டி. பின்புற உடலின் மேல் இரு அலுமினியத் தகடுகளால் நிறுத்தி, "பாப்பா, ஆட்டிப் பாரு, மலை மாதிரி நிக்குது" என்றார். ஆட்டினேன், அசையவில்லை. மைதானத்தில் 50 கிலோ மீட்டர் வேகத்திலும் அசையவில்லை. அந்த வேகத்தில் அதன் மேல் விழுவது 6 கிலோவுக்கும் குறைவு. 100-ல் அது 23 கிலோ. பெரியப்பா பட்டறைக்காரர், படிப்பு எட்டாம் வகுப்பு. அவர் இந்தக் கணக்கைக் கேட்டு விட்டு, "அப்ப மூணு பங்கு ஏத்திப் பாருங்கடா" என்றார். 70 கிலோ மணலைச் சிறு சிறு பைகளில் கட்டினோம்.

ஒன்று, இரண்டு என்று பைகளை இறக்கையின் மேல் பரப்பினோம். 40 கிலோ வந்தபோது 'சடக்' என்றொரு ஓசை. இறக்கை முறியவில்லை, தகடும் முறியவில்லை. தகட்டைத் தாங்கிய கண்ணாடி நார் உடல்தான் ரிவெட் துளையைச் சுற்றிக் கிழிந்து, இறக்கை முழுவதும் ஒரு பக்கமாகச் சாய்ந்தது. காற்றை வழுக்க விடுவதற்கென்று செய்த தோல் அது. பாரம் சுமப்பதற்கென்று செய்ததன்று. ஓடும்போது நடந்திருந்தால், வளைவின் நடுவில், டயரின் பிடி ஒரே கணத்தில் போயிருக்கும். அண்ணன் நெடுநேரம் பேசவில்லை. பெரியம்மா காபி கொண்டு வந்து வைத்து விட்டு, சரிந்த பைகளை ஒவ்வொன்றாக எடுத்து அடுக்கினார்கள்.

அடுத்த வாரம் உடலில் இரு துளை வெட்டி, தோலைத் தொடாமல் இறங்கும் எஃகுக் குழாய்களைச் சட்டத்தோடு வெல்டிங் செய்து, இறக்கையைப் போல்ட்டால் பூட்டினார்கள். பின்னோக்கிச் சாயாமல் இரு குறுக்குக் கம்பிகளும் வந்தன. மறுபடி மணல். 40, 50, 60, 70. பெரியப்பா இன்னும் ஒரு பையைத் தம் கையாலேயே தூக்கி வைத்து, இரவு முழுவதும் அப்படியே இருக்கட்டும் என்றார். காலையில் நான் பள்ளிக்குப் புறப்படும்போது எட்டிப் பார்த்தேன். பைகள் வைத்த இடத்தில் இருந்தன. ஒன்றின் மேல் எங்கள் கோழி உட்கார்ந்திருந்தது.