எலும்பாகும் இரத்தக் குழாய்

மெட்டுகுடா ரயில்வே குடியிருப்பில் எங்கள் அண்டைவீட்டுப் பெரியவர், ஓய்வுபெற்ற கார்டு, வாரம் மும்முறை டயாலிசிஸுக்குச் சென்று வருகிறார். சென்ற மாதம் தம் கையின் எக்ஸ்ரே படத்தைக் காட்டினார். எலும்பை ஒட்டி மெல்லிய வெண்கோடுகள் இரண்டு, தண்டவாளம்போல் இணையாக ஓடின.

"இதுவும் எலும்பா, ஐயா?" என்றேன்.

"இல்லை தம்பி, இரத்தக் குழாய்."

சாதாரணமாக இரத்தக் குழாய் இப்படத்தில் புலப்படாது. புலப்பட்டால் சுவரில் சுண்ணாம்பு படிந்துவிட்டது என்று பொருள்.

சிறுநீரகத்தை வெறும் வடிகட்டி என்றே நாம் எண்ணுகிறோம். அது ஹார்மோன்களை ஆக்கும் உறுப்புமாகும். வைட்டமின் டி-யை உடலுக்குப் பயன்படும் வடிவாக்குவது பெரும்பாலும் அதுவே. அது நலிந்தால் உணவிலுள்ள பாஸ்பரஸ் வெளியேறாமல் தேங்குகிறது. அதனை வெளியேற்ற எலும்பு எஃப்.ஜி.எஃப்.23 என்னும் ஹார்மோனை மிகுதியாகச் சுரக்கிறது. அதுவோ வைட்டமின் டி-யை மேலும் குறைக்கிறது. இரத்தத்தில் கால்சியம் தாழவே, கழுத்திலுள்ள பாராதைராய்டு சுரப்பிகள் விழித்து, எலும்பிலிருந்து கால்சியத்தையும் பாஸ்பரஸையும் பெயர்த்து இரத்தத்தில் விடுகின்றன. எலும்பு இளைக்கிறது; குழாய் இறுகுகிறது.

வெந்நீர்ப் பானையில் உப்புப் படிவதுபோல் இது தானே படிகிறது என்று முன்பு கருதினர். 2000-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் சிசிலியா ஜியாக்கெல்லி குழுவினர் குழாய்த் தசையின் உயிரணுக்களைப் பாஸ்பரஸ் மிகுந்த திரவத்தில் வளர்த்தனர். அவை தசையின் இயல்பைத் துறந்து, எலும்பு கட்டும் அணுக்களின் இயல்பை ஏற்றன! அதற்கு முன்பே, 1997-இல், ஜப்பானில் மகோடோ குரோ-ஓ குழுவினர் க்ளோத்தோ என்னும் மரபணு பழுதுற்ற சுண்டெலிகள் இளமையிலேயே மூப்புற்று, குழாய்களில் சுண்ணாம்பேறி மடிவதைக் கண்டிருந்தனர். க்ளோத்தோ மிகுதியாக உண்டாவது சிறுநீரகத்தில்தான், எஃப்.ஜி.எஃப்.23 அங்கே பணிபுரிய அதன் துணை வேண்டும். சிறுநீரகம் கெட்டால் அத்துணையும் குன்றுகிறது.

குழாய் இறுகினால் இதயத்துக்கே பாரம். சிறுநீரக நோயாளிகளுள் பலர் இதய நோயாலேயே மாள்கின்றனர். படிந்த சுண்ணாம்பைக் கரைக்க உறுதியான மருந்து இன்றும் இல்லை. ஆகவே நீரிழிவும் இரத்த அழுத்தமும் உள்ள நேயர்கள் ஆண்டுக்கொருமுறை இரத்தத்தில் கிரியேட்டினினும் சிறுநீரில் ஆல்புமினும் சோதித்துக் கொள்வது நலம்.

பெரியவருக்குப் பாஸ்பரஸைப் பிடித்து நிறுத்தும் மாத்திரை தரப்பட்டிருந்தது. உணவோடு கலந்தாலன்றி அது பயன்படாது. அவரோ பல மாதம் விடியற்காலையில், வெறும் வயிற்றில் விழுங்கி வந்தாராம். எவரும் விளக்கிச் சொல்லவில்லை. இப்பொழுது அவர் மனைவியார் சோற்றுத் தட்டின் ஓரத்தில், உப்பு வைக்கும் இடத்தில், அம்மாத்திரையை வைத்துப் பரிமாறுகிறார்.