கோளக் கொத்துகளின் கலவைக் கணக்கு

பல லட்சம் விண்மீன்கள் உருண்டையாகத் திரண்டிருக்கும் கோளக் கொத்துகள் நம் பால்வீதியில் 150-க்கு மேல் உண்டு. ஒரு கொத்தின் விண்மீன்கள் எல்லாம் ஒரே வாயுமேகத்தில், ஒரே கலவையோடு பிறந்தவை என்றே நெடுங்காலம் பாடநூல்கள் சொல்லிவந்தன. அந்தக் கூற்றை இனியும் அப்படியே கற்பிப்பது தவறு என்பேன்.

விண்மீனின் ஒளியை நிறமாலையாக விரித்தால் கருங்கோடுகள் தெரியும். அதன் மேலடுக்கிலுள்ள தனிமங்கள் தத்தமக்குரிய ஒளியை உறிஞ்சிய தடங்கள் அவை. சோடியத்துக்கு 589 நானோமீட்டரை ஒட்டி இரண்டு வலுவான கோடுகள், ஆக்சிஜனுக்கு 630-இல் மெல்லிய ஒன்று. கோடு ஆழமாக இருந்தாலே தனிமம் அதிகம் என்று சொல்லிவிட முடியாது. வெப்பநிலையும் ஈர்ப்பும் அதன் ஆழத்தை மாற்றுவதால், முதலில் அவற்றைக் கணித்த பிறகே தனிமத்தின் அளவுக்கு வருகிறார்கள். இப்படி அளந்தபோது பெரும்பாலான கொத்துகளில் இரும்பு எல்லா விண்மீன்களிலும் ஏறத்தாழ ஒரே அளவில் இருந்தது. ஆனால் ஆக்சிஜன் குறைந்த விண்மீன்களில் சோடியம் கூடியிருந்தது. கணிப்பில் பிழை இருக்கலாமே என்று கேட்பது நியாயம்தான். வெப்பநிலையைத் தவறாகக் கணித்திருந்தால் இரும்பின் அளவும் சிதறியிருக்க வேண்டும், அது சிதறவில்லை. தவிர, இந்த எதிர்ப்போக்குக்கு அணுக்கருவியலில் காரணம் இருக்கிறது: சில கோடி டிகிரி வெப்பத்தில் ஹைட்ரஜன் எரியும்போது ஆக்சிஜன் நைட்ரஜனாக மாறுகிறது, நியான் சோடியமாகிறது.

இதைவிட வலுவான மறுப்பு ஒன்று இருந்தது. தொடக்கத்தில் அளக்க முடிந்தவை பிரகாசமான செம்பெருமீன்கள் மட்டுமே. முதுமையில் அவை தம் உட்பகுதிச் சரக்கை மேற்பரப்புக்குக் கிளறிவிடுகின்றன. ஆகவே இந்த வேறுபாடு பிறவியில் வந்ததல்ல, வயதில் வந்தது என்று வாதிட்டார்கள். 2001-இல் வானியலாளர் கிராட்டனின் குழுவினர் சிலி நாட்டுப் பரனால் மலையின் 8.2 மீட்டர் தொலைநோக்கியால், மயில் மண்டலத்திலுள்ள என்ஜிசி 6752 கொத்தில், இன்னும் பெருமீனாகாத மங்கலான விண்மீன்களையே அளந்தார்கள். அங்கும் அதே எதிர்ப்போக்கு! அத்தகைய விண்மீன்களின் மையம்கூடச் சோடியத்தை அந்த அளவுக்குச் சமைக்கும் வெப்பத்தை எட்டுவதில்லை. அது வெளியிலிருந்து வந்திருக்க வேண்டும்.

வெளியிலிருந்து வந்தது மேற்பரப்பில் மட்டும் படிந்திருக்கலாம் அல்லவா? அப்படியானால், விண்மீன் பெருமீனாகும்போது மேலடுக்கு ஆழமாகக் கலங்கி, படிந்தது நீர்த்துப் போயிருக்கும். பெருமீன்களிலோ வேறுபாடு குறையாமல் நிற்கிறது. உடல் முழுவதும் அதே கலவைதான் என்று கொள்வதே பொருத்தம். என்ஜிசி 2808 கொத்தில் 2007-இல் ஹபிள் தொலைநோக்கி, மையத்தில் ஹைட்ரஜனை எரிக்கும் முதன்மை வரிசை விண்மீன்களை, நிற-ஒளிர்வு வரைபடத்தில் மூன்று இழைகளாகப் பிரித்துக் காட்டியதும் இதற்குத் துணைநிற்கிறது. ஹீலியத்தின் அளவு வேறுபட்டால்தான் அவை அப்படிப் பிரியும்.

சோடியத்தைச் சமைத்த உலை எது என்பதுதான் இன்னும் தீராத வழக்கு. பெருநிறை விண்மீன்கள், முதிர்ந்த நடுத்தர நிறை விண்மீன்கள் எனப் பல வேட்பாளர்கள் உண்டு. பல கொத்துகளில் மாறிய கலவை கொண்ட விண்மீன்களே பாதிக்கு மேல். அவ்வளவுக்கும் போதுமான சரக்கை இந்த வேட்பாளர்களால் எளிதில் கொடுத்துவிட முடியாது. ஒரு கொத்தில் பிறந்த விண்மீன் தலைமுறை இரண்டா, ஒன்றேதானா என்ற கேள்வியும் இந்த நிறைக் கணக்கில்தான் சிக்கி நிற்கிறது.