சாவனதுர்கா மலைக்கோட்டை மதில்

17–18ஆம் நூற்றாண்டு, கருங்கல்
மாகடி வட்டம், பெங்களூருக்கு மேற்கே

1638இல் பீஜப்பூர்ப் படை பெங்களூரைக் கைப்பற்றியதும் அதை ஆண்டுவந்த கெம்பே கௌடர் மரபினர் மாகடிக்கு இடம்பெயர்ந்தனர். கடல் மட்டத்திலிருந்து 1,226 மீட்டர் உயர்ந்த இந்த ஒற்றைப் பாறை மலை அவர்களுடைய அரணாயிற்று. 1728இல் மைசூர் அரசு இதை வென்றது.

மதில் தொடர்ச்சியாக ஓடாததைக் கவனியுங்கள். செங்குத்தான பாறைக்குச் சுவர் எதற்கு? ஏறிவர வாய்ப்புள்ள சரிவுகளிலும் இடுக்குகளிலும் மட்டுமே கல் அடுக்கினார்கள். பாதிக் கோட்டையை மலையே கட்டிவிட்டது!

அசைக்க முடியாதது என்று பெயர் வாங்கிய இக்கோட்டை 1791இல் மைசூர் ஆட்சியாளர் திப்பு சுல்தான் வசம் இருந்தது. அவ்வாண்டு டிசம்பரில் ஆங்கிலேயத் தளபதி கார்ன்வாலிஸின் படை காட்டுக்குள் பீரங்கிகளை இழுத்துவந்து மதிலைப் பிளந்தது. டிசம்பர் 21 அன்று கோட்டை விழுந்தது.

மதில் இன்றும் பெரும்பாலும் செப்பனிடப்படாமலே நிற்கிறது. கற்கள் பிடிமானமின்றி இருக்கலாம். மதில்மீது ஏற வேண்டாம். உச்சியில் நந்தி மண்டபம் உள்ளது. வழிகாட்டியோடு மட்டும் செல்லுங்கள். மழையில் பாறை வழுக்கும், அன்று ஏறாதீர்கள்.