தழும்புக்கு ஒரு காரணம் வேண்டும்

ஒருவரை வருணித்து எழுதச் சொன்னால் பெரும்பாலான பிள்ளைகள் பட்டியல் போடுவார்கள். உயரமானவர், சுருட்டை முடி, பெரிய கண்கள், அன்பானவர் என்று வரிசையாக அடுக்குவார்கள். தெரிந்தவரைப் பற்றி என்றால் மரியாதையும் குறுக்கே வந்து நிற்கும். கண்ணில் பட்டதை எழுதத் துணிவு வராது. பிரிட்டனின் தொடக்கப் பள்ளிகளில் பாத்திர வருணனையைக் கற்பிக்கக் கடற்கொள்ளையர் கதைகளைக் கையிலெடுப்பது பரவலான பழக்கம். அதை வெறும் வேடிக்கை என்று ஒதுக்கிவிட முடியாது. கொள்ளையன் யாருக்கும் உறவினன் அல்ல. அவனுடைய அழுக்கு நகத்தைப் பற்றி எழுதினால் எவரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். அதைவிட முக்கியமானது, அவன் கடந்துவந்த வாழ்க்கை அவன் உடம்பிலேயே பதிந்திருக்கிறது. கன்னத்தில் தழும்பு இருந்தால் என்றோ ஒரு சண்டை நடந்திருக்க வேண்டும். தோற்றத்துக்குப் பின்னால் காரணம் தேட வேண்டும் என்பதைப் பிள்ளைகள் பிடித்துக்கொள்ள இதைவிட எளிய வழி இல்லை.

இதற்கு மிகச் சிறந்த சான்று ராபர்ட் லூயி ஸ்டீவன்சனின் ‘புதையல் தீவு’. 1881இல் ஸ்காட்லாந்தில், மனைவியின் முதல் திருமணத்து மகனோடு பொழுதுபோக்காக வரைந்த ஒரு தீவின் வரைபடத்திலிருந்து இந்தக் கதை பிறந்தது. 1883இல் நூலாக வந்தது. கதையின் தொடக்கத்தில் விடுதிக்கு வரும் பில்லி போன்ஸுக்கு வெயிலில் கருகிய மேனி, தார் படிந்த பின்னல், கன்னத்தில் வெட்டுத் தழும்பு, உடைந்து கறுத்த நகங்கள். ‘கொடியவன்’ என்று ஆசிரியர் சொல்ல வேண்டிய தேவையே எழவில்லை. ஒற்றைக்கால் மாலுமி ஒருவன் வருகிறானா என்று கவனித்துச் சொல்லச் சிறுவன் ஜிம்முக்கு அவன் மாதந்தோறும் காசு கொடுக்கிறான். அந்த ஒற்றைக்காலன் ஜிம்மின் கனவுகளில் விதவிதமான கோர உருவங்களில் வருகிறான்.

ஆனால் பிரிஸ்டல் துறைமுகத்தில் ஜிம் நேரில் காணும் ஒற்றைக்கால் மதுவிடுதிக்காரன் ஜான் சில்வர் சுத்தமானவன், சிரித்த முகத்தோடு வாடிக்கையாளர்களிடம் கலகலப்பாகப் பேசுகிறவன். இவன் கொள்ளையனாக இருக்க முடியாது என்று ஜிம் முடிவு செய்கிறான். வாசகரும் அவனோடு சேர்ந்து ஏமாறுகிறார். ஊன்றுகோலை லாகவமாகக் கையாளும் அவனுடைய திறமையை முதலில் வியக்கிறோம். பின்னால் அதே ஊன்றுகோலை எறிந்து ஒரு மாலுமியை அவன் வீழ்த்தும்போது நடுங்குகிறோம். நல்ல வருணனையில் ஒரு நுணுக்கம் ஒருமுறை வந்துவிட்டுக் காணாமல் போவதில்லை. கதை நகர நகர அதற்கு வேலை கூடுகிறது. சில்வருக்கு முன்மாதிரி, ஒரு காலை இழந்திருந்த கவிஞர் வில்லியம் ஹென்லி. நண்பரின் உயர்ந்த குணங்களைக் கழற்றிவிட்டு, அவருடைய வலிமையையும் துணிவையும் கலகலப்பையும் மட்டும் வைத்துக்கொண்டு பாத்திரத்தைப் படைத்ததாக ஸ்டீவன்சனே எழுதியிருக்கிறார். வகுப்பறையில் அப்படியே செய்து பார்க்கத்தக்க பயிற்சி இது.

கண்பட்டை, கொக்கிக் கை, தோளில் கிளி என்று தேய்ந்துபோன அச்சைத்தானே பிள்ளைகள் திரும்ப எழுதுவார்கள் என்று கேட்கலாம். கேள்வி கேட்காமல் விட்டால் அப்படித்தான் ஆகும். ‘அவனுக்கு இரண்டு விரல்கள் இல்லை’ என்று ஒரு பிள்ளை எழுதினால், அவன் காசை எப்படி எண்ணுவான் என்று ஆசிரியர் கேட்க வேண்டும். ‘காசை மேசையில் கொட்டி, ஒவ்வொன்றாகக் கட்டைவிரலால் தன் பக்கம் இழுத்துக்கொண்டான்’ என்று அடுத்த வாக்கியம் வரும். ஊனம் இப்போது செயலாகிவிட்டது. அந்தச் செயலில் அவனுடைய பேராசையும் தெரிகிறது.

இன்னும் கனமான மறுப்பு ஒன்று உண்டு: உடற்குறையைக் கொடுமையின் அடையாளமாகக் காட்டும் கதைகள் பிள்ளைகள் மனத்தில் என்ன விதைக்கும்? இந்தக் கவலை நியாயமானது. இதே நாவலில் வரும் பார்வையற்ற பியூவின் சித்திரிப்பில் அந்தக் குறை இருக்கவே செய்கிறது. அதை மூடி மறைக்காமல் வகுப்பிலேயே பேச வேண்டும். சில்வரை ஆபத்தானவனாக்குவது அவனுடைய கால் அல்ல, தேன் தடவிய பேச்சு என்று காட்ட வேண்டும். தழும்பை நல்லவருக்கும் அழகை வஞ்சகனுக்கும் கொடுத்து எழுதச் சொல்ல வேண்டும். கொள்ளையரைப் போற்றுவதாகிவிடாதா என்ற கேள்விக்கும் பதில் எழுத்திலேயே உண்டு. பிடிபட்ட கப்பலின் மாலுமி கண்ணால் அதே கொள்ளையனை இன்னொரு முறை எழுதச் சொன்னால், சாகசத்துக்கு அடியில் இருக்கும் கொடுமையைப் பிள்ளையே கண்டுகொள்ளும்.

கடற்கொள்ளையன் தொடக்கம் மட்டுமே. இந்தப் பழக்கம் கைவந்தபின் பிள்ளைகள் பேருந்து நடத்துநரையும் பூக்கட்டும் அக்காவையும் இதே கூர்மையோடு எழுத வேண்டும். அது நடக்க வேண்டுமானால் நாம் மதிப்பெண் போடும் முறை மாற வேண்டும். அடைமொழிகளை எண்ணிப் பாராட்டும் வரை பிள்ளைகள் பட்டியல்தான் போடுவார்கள். ஒரே ஒரு நுணுக்கத்தைச் சொல்லி ஒரு மனிதரை நம் முன் நிறுத்தும் பிள்ளைக்கே முழு மதிப்பெண் போக வேண்டும்.